மடங்காத தொட்டில்

மடங்குகிற பொருளை நான் நம்புவதில்லை. மடக்குக் கத்தி, மடக்குக் குடை, மடக்கு நாற்காலி எல்லாமே எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்கிறவை. நாலு காலையும் ஊன்றி நிற்கிற மர நாற்காலி, 'உட்காருய்யா, எங்கே போகப்போறே' என்று கேட்கும். மடக்கு நாற்காலியோ நாம் எப்போது எழுந்திருப்போம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

இந்தப் புத்தி உத்தியோகத்தில் வந்தது. நான் நாராயணசாமி, கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு கரும்பு ஆலையின் எடைமேடையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கரும்போடு வண்டி மேடையில் ஏறும், எடை போடுவோம். கரும்பை இறக்கிவிட்டுக் காலி வண்டி திரும்பும், மறுபடி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கரும்பு. இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. வரும்போது ஓரிருவர் கரும்புக் கட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொள்வார்கள். வண்டி காலியாகத் திரும்பும்போது இறங்கி நடந்துவிடுவார்கள். ஆளின் எடையும் கரும்பாகிவிடும். நான் என்ன செய்வேன், ஒரு பீடியைப் பற்றவைத்துக் கட்டுகளுக்குள் புகையை ஊதுவேன். கரும்பு இருமும். இருமியதை இறக்குவேன். ஒரு தடவை ஒரே டிராக்டரிலிருந்து கல்யாண கோஷ்டி ஒன்றையே இறக்கினேன், நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் உட்பட. நம்புகிறவர்கள் நம்பலாம். மாப்பிள்ளை மட்டும் கடைசிவரை இருமவில்லை. முதல் தரக் கரும்பு மாதிரி படுத்திருந்தார்.

அப்படிப்பட்ட என் வீட்டுக்கு என் ஒரே மகள் அபிநயா வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்தாள். அவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து வீட்டில் நானும் டிவியும்தான் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம். என் மனைவி கமலா இரண்டு பேருக்குமே பதில் சொல்வதில்லை. பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் அம்மா வீட்டில் இருப்பது வழக்கம். கமலா அதை ஐந்து மாதமாக இழுத்துவிடலாம் என்று நினைத்தாள். எனக்கு ஒரு தனித் திட்டம் இருந்தது. குழந்தை நம் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போய், கல்லூரி முடித்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கட்டும், அதற்கப்புறம் யோசிக்கலாம். மாப்பிள்ளை சிவசங்கர் உளுந்தூர்பேட்டைப் பக்கம் கால்நடை மருத்துவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் வீட்டில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம். அது வருவதற்கு முன்பே அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

பயத்தைக் கிளப்பிவிட்டது ஜான் பாஷா கடை.

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளை பிறக்கும் முன் பிள்ளைக்கான எந்தப் பொருளும் வாசப்படி தாண்டி உள்ளே வரக்கூடாது. ஒரு ஜட்டி கூட. கமலா இதில் கலெக்டரைவிடக் கண்டிப்பு. ஊரில் பல வீடுகளில் இப்படித்தான். ஆனால் பிறந்த பிறகு ஓடினால் அவசரத்தில் கண்டதையும் தலையில் கட்டிவிடுவார்களே? அதற்குத்தான் துருகம் சாலையில் ஜான் பாஷா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பொருளைத் தேர்ந்தெடுத்து, பேர் எழுதிக் கட்டி, அவர் குடோனில் விட்டுவிடலாம். பிள்ளை பிறந்த சேதி கிடைத்ததும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார். அந்த குடோனில் இருப்பதில் பாதி இன்னும் பிறக்காத பிள்ளைகளின் சொத்து. உள்ளே போய் நின்றால் கள்ளக்குறிச்சியின் அடுத்த வருஷத்து ஜனத்தொகை மூட்டை மூட்டையாகத் தெரியும்.

இன்னொன்று, காலித் தொட்டிலை ஆட்டக்கூடாது. கடையில் ஆட்டிக் காட்டாமல் விற்க முடியுமா? அதனால் பாஷா ஒரு பூசணிக்காய் வைத்திருந்தார். அதற்குக் குல்லா, சட்டை எல்லாம் உண்டு. அந்தப் பூசணிக்காய் படுக்காத தொட்டில் கிடையாது, ஏறாத தள்ளுவண்டி கிடையாது. அனுபவம் முகத்தில் தெரிந்தது. கெட்டுப்போனால் வேறு காய் மாற்றுவாராம், ஆனால் எனக்கென்னவோ அது ஒரே காய்தான், வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே வருகிறது.

நானும் அபிநயாவும் முதல் நாள் போனபோது பாஷா ஒரு தேக்குத் தொட்டிலைக் காட்டினார். கீழே இழுப்பறை, சுற்றிலும் கம்பு. நான் தட்டிப் பார்த்தேன், கோயில் தூண் மாதிரி நின்றது. எனக்குப் பிடித்துவிட்டது. அபிநயா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது மடங்குமா பாய்?" என்றாள்.

"தேக்கு எப்படிம்மா மடங்கும்?"

"அப்போ வேணாம்."

எனக்குள் எடைமேடை மணி அடித்தது.

அவள் எடுத்தது வலை போட்ட ஒரு தொட்டில். பாஷா ஒரு கயிறை இழுத்தார், அது குடை மாதிரி மடங்கி அவர் கக்கத்துக்குள் போய்விட்டது. பூசணிக்காயை அவர் முதலில் வெளியே எடுத்திருக்க வேண்டும். அடுத்தது குளிப்பாட்டுகிற தொட்டி. அமுக்கினால் அப்பளமாகிவிடுகிற ரப்பர் தொட்டி. துணி மாற்ற ஒரு மேசை இருந்தது. அதற்கு ஒரு ரப்பர் விரிப்பு போதும், சுருட்டி வைத்துக்கலாம் என்றாள். தள்ளிக்கொண்டு நடக்கிற சக்கர வண்டி கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்களாம். தூங்குகிற பிள்ளையைப் போனில் பார்க்கிற கேமராவை, அம்மா கண்ணைவிடவா என்று ஒதுக்கினாள். இதிலெல்லாம் எனக்கும் சம்மதம். ஆனால் பெரிய தள்ளுவண்டியையும் அவள் வேண்டாம் என்றபோது காரணம் கேட்டேன்.

"மேட்டுல தள்ள முடியாதுப்பா. நெஞ்சோட கட்டிக்கிற பை போதும்."

எங்கள் தெருவில் மேடு என்று சொல்வதற்கு ஒரே ஒரு வேகத்தடை இருக்கிறது. அடுத்து அவள் கம்பளிக் குல்லாயும் கம்பளிப் போர்வையும் எடுத்தாள். பங்குனியில் பிறக்கப்போகிற பிள்ளைக்கு, அதுவும் கள்ளக்குறிச்சியில். எங்கள் ஊர்ச் சித்திரையில் கோழி அவித்த முட்டையே இடும். இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குக் கம்பளி?

வீட்டுக்கு நடந்து வருகிற வழியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. மேடு, குளிர், மடக்குச் சாமான். மாப்பிள்ளை வெளிநாடு போகிறார். ஜெர்மனிதான். அங்கே மாடுகள் ஜாஸ்தி, மாட்டு டாக்டர்கள் கம்மி என்று எங்கோ படித்த ஞாபகம். சாயங்காலம் டீக்கடையில் இரண்டு பேரிடம்தான் சொன்னேன். மறுநாள் காலையில் அது என்னிடமே திரும்பி வந்தபோது மாப்பிள்ளை சுவிட்சர்லாந்தில் ஆயிரம் மாட்டுக்குத் தலைமை டாக்டர் ஆகியிருந்தார். அதையும் நான் மறுக்கவில்லை. பேத்தியோ பேரனோ பறிபோகப்போகிறது என்ற துக்கம் ஒரு பக்கம். மாப்பிள்ளைக்கு ஆயிரம் மாடு என்ற பெருமை ஒரு பக்கம்.

இரண்டு நாள் கழித்து அபிநயா பின்கட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். எங்கள் வீட்டில் துளசி கிடையாது, ஆனாலும் போனேன்.

"அங்க ரூமே ரெண்டுதான், கதவும் சின்னது," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க," என்றாள்.

அப்பாகிட்ட மட்டும். அப்படியென்றால் கமலாவுக்குத் தெரியும். சமையலறைக்குப் போய் ஒன்றும் தெரியாதவன் போல, ஜெர்மனியில் இப்போது என்ன சீதோஷ்ணம் இருக்கும் என்று கேட்டேன். கமலா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாத்திரை போட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

நேராக ஜான் பாஷாவிடம் போனேன். எனக்கும் அவருக்கும் பழக்கம் வீட்டுக்கு மர நாற்காலி வாங்கிய காலத்திலிருந்து. மனுஷன் வாயைப் பிடுங்குவது லேசில்லை. டீ சொன்னார், பஜ்ஜி சொன்னார், மகள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் வாடிக்கையாளரைக் கவனிக்கப் போன சமயம் பார்த்து குடோனுக்குள் நுழைந்தேன். அபிநயா பேர் எழுதிய மூட்டைகள் ஒரு மூலையில் இருந்தன. தூக்கித் தூக்கிப் பார்த்தேன். எல்லாமே பஞ்சு மாதிரி. கனமில்லாத சுமை ரொம்ப தூரம் போகிற சுமை. எடைமேடைக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவற்றுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி ஒன்று நின்றது. என்னைவிட நீளம். சாக்கின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தேன். இரும்புக் குழாய், நாடா, கீல். மடக்குக் கட்டில். பெரியவர்கள் படுக்கிறது. அதன் மேலேயும் என் மகள் பேர்தான்.

குழந்தைக்கு எதற்குப் பெரியவர்கள் கட்டில்? துணைக்கு ஒரு ஆள் போகிறார். யார்? மாப்பிள்ளையின் அப்பா ராசுதான், வேறு யார். களமருதூரில் நெல் விவசாயம். சம்பந்தி என்று நான் அவரைக் கட்டித் தழுவிக்கொள்வது உண்டு, ஆனால் அவர் கையில் பேரக்குழந்தையைக் கொடுத்து என்னை வாசலில் நிறுத்தினால் அது வேறு. ஒரு விஷயம்தான் இடித்தது. ராசு என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார். நான் ஆறடிக்கு மேலே இரண்டு விரற்கடை. எந்தக் கட்டிலில் படுத்தாலும் என் கால் அடுத்த அறையில் இருக்கும். அந்தக் குள்ள மனுஷனுக்கு இவ்வளவு நீளக் கட்டில் எதற்கு? காலை நீட்டி, கையை நீட்டி, கால்மாட்டில் நெல் மூட்டையும் போட்டுக்கொள்ளப் போகிறாரா? திமிர், வேறொன்றுமில்லை.

வெளியே வந்து பாஷாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு தொட்டில் செய்ய வேண்டும். வேங்கை மரம். மடங்கக்கூடாது, கழற்றக்கூடாது, ஒரு திருகாணி இருக்கக்கூடாது, எல்லாம் அடித்து இறுக்கிய பொருத்து. அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் யாராலும் நகர்த்த முடியாது. தொட்டில் போகாவிட்டால் பிள்ளை எப்படிப் போகும்?

பாஷா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே, "உங்க வூட்டு வாசக்கால் எவ்ளோ அகலம்ணே?" என்றார்.

"வாசக்கால் வழியா வெளிய போவாத அளவு இருக்கணும் பாய். அதான் அளவு."

அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு டீயைக் குடித்துவிட்டார்.

தொட்டில் தயாரான அன்று பார்த்தேன். அடேயப்பா. நாலு கால் என்பது நாலு கோயில் தூண். இழுப்பறைகளில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம். பூசணிக்காயை உள்ளே விட்டார்கள். பிறகு தேடி எடுக்க வேண்டியிருந்தது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர்கள் மறைக்கிறார்கள், நானும் மறைப்பேன்.

பங்குனிக் கடைசியில் பிறந்தது. பெண். ஆஸ்பத்திரி வராண்டாவில் அது அழுத அழுகை எங்கள் ஊர் மந்தைவெளி வரைக்கும் கேட்டது, நான் விசாரித்துப் பார்த்தேன். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்று மத்தியானமே பாஷா வண்டியோடு வந்துவிட்டார். மடக்குச் சாமான்கள் மடமடவென்று உள்ளே போயின. கடைசியில் என் தொட்டில்.

ஆறு பேர் இறக்கினார்கள். வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே நின்றது.

நேராக வைத்தார்கள், போகவில்லை. படுக்க வைத்தார்கள், இன்னும் அகலமாகிவிட்டது. பின்பக்கக் கதவு முன்பக்கத்தைவிடச் சின்னது. கதவைக் கழற்றினோம். எதிர்வீட்டுக்காரர் நிலையை இடிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் கூரையைப் பிரித்து மேலிருந்து இறக்கலாம் என்றார். அவர் ஒரு காலத்தில் கிரேன் ஓட்டியவர். வெளியே போகக்கூடாது என்று செய்த பொருள், உள்ளேயே வர மாட்டேன் என்கிறது. முன்னாடியே கொண்டுவந்து பார்த்திருக்கலாம்தான். பிறக்கும் முன் வாசப்படி தாண்டக்கூடாதே. கலெக்டர் உத்தரவு.

அபிநயா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு அந்தப்புறம் நின்றாள். நான் இந்தப்புறம். நடுவில் தொட்டில். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"இன்னாப்பா இது? எதுக்கு இவ்ளோ பெருசு?"

"நீ இதையும் மடக்கி எடுத்துக்கினு போயிடக்கூடாதுன்னுதான்."

அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வராதது அன்றைக்குத்தான் முதல் தடவை. கமலா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள், ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து.

"போறோம்ப்பா," என்றாள் அபிநயா, மெதுவாக. "அது நிஜம்தான். அவருக்குக் கரியாலூர்ல போஸ்டிங். போன வாரம்தான் ஆர்டர் வந்துச்சு. மூணு மாசம் முடிஞ்சதும் போகணும்."

கரியாலூர். கல்வராயன் மலைமேல். மேடு, குளிர், கம்பளி. ஜெர்மனி இல்லை. நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எவ்வளவு பக்கத்தில் இருந்தால் என்ன, என் வீட்டில் இல்லை.

"சம்பந்தியும் வராரா?" என்றேன்.

"யாரு, அவங்க அப்பாவா? நெல்லை வுட்டுட்டு அவர் எங்க வருவாரு?"

பிள்ளையைப் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை வண்டிக்குப் போய் அந்த நீளச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கயிற்றை அவிழ்த்து, தெருவிலேயே, என் தொட்டிலுக்குப் பக்கத்தில் கட்டிலை விரித்தார். நாடாவை இழுத்துச் சரி பார்த்தார்.

"படுத்துப் பாருங்க மாமா," என்றார். "கால் வெளிய வருதான்னு பாக்கணும். இந்த நீளம் கடையில இல்ல, பாய்கிட்ட சொல்லித்தான் செஞ்சது."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் படுத்தேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கட்டில் என் காலுக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அபிநயா பேசிக்கொண்டே போனாள். அவர் காலையில் மாட்டைப் பார்க்கக் கிளம்பினால் மலை முழுக்கச் சுற்றிவிட்டு இருட்டினப்புறம்தான் வருவார். தன் வேலையில் பிரசவ லீவு முடிகிறவரை அவள் பிள்ளையோடு தனியாக அங்கே இருக்க முடியாது. அவள் அம்மாவும் நானும் கூட வர வேண்டும், அதற்குத்தான் எல்லாம். குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. பகலில் எல்லாவற்றையும் மடக்கி வைத்தால்தான் நடமாட இடம். ராத்திரி நாலு பேரும் பிள்ளையும் படுக்க வேண்டும்.

"இதை எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?" என்றேன், படுத்தபடியே.

"ஆர்டர் வருமான்னே தெரியாதுப்பா அப்போ. உங்கிட்ட சொன்னா நீ பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள எங்களுக்கு மலைமேல அரண்மனை கட்டியிருப்ப. இப்பவே பால்காரர் வந்து கேக்கறாரு, சுவிட்சர்லாந்துக்கு எப்போ கிளம்பறீங்கன்னு."

நான் ஜான் பாஷாவைப் பார்த்தேன். அவர் என் தொட்டிலின் ஒரு காலைத் தடவிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். தெரிந்தே அதைச் செய்து கொடுத்திருக்கிறார் மனுஷன். கேட்டால், கடைக்கு வந்த இரண்டு பேரின் ரகசியத்தையும் காப்பாற்றினேன் என்கிறார். எனக்கு அதில் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நல்ல வேங்கை மரம், நல்ல வியாபாரம்.

தொட்டில் ரொம்ப நாள் வாசலிலேயே கிடந்தது. தெரு நாய் ஒன்று அதில் குட்டி போட்டது. எட்டுக் குட்டியும் தாயும் போக, விருந்தாளிக்கும் இடம் இருந்தது. பிறகு சம்பந்தி ராசு தன் ஆட்டுக்குட்டிகளுக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். கொடுத்துவிட்டேன். களமருதூரில் அதை எந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுபோனார் என்று கேட்டால், மனுஷன் பேச்சை மழைக்கு மாற்றிவிடுகிறார்.

மூன்று மாதம் முடிந்தது. ஆனி முடிகிற சமயத்திலும் வெயில் குறையவில்லை. பேத்தி முதுகெல்லாம் வேர்க்குரு. கம்பளிக் குல்லாயைத் தவிர எல்லாவற்றையும் கழற்றி எறிகிற பிள்ளையாக அவள் வளர்ந்துகொண்டிருந்தாள். கிளம்புகிற அன்று சின்ன லோடு வண்டி ஒன்று வந்தது. வலைத் தொட்டில், அப்பளத் தொட்டி, விரிப்பு, கம்பளி மூட்டை, நீளக் கட்டில், எல்லாம் பாதி வண்டிகூட நிறையவில்லை. அபிநயாவும் பிள்ளையும் கமலாவும் காரில். மாப்பிள்ளை எனக்காக முன்சீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

நான் லோடு வண்டியின் பின்பக்கம் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"மாமா, அங்க எதுக்கு? முன்னாடி வாங்க."

"மொத்த எடையில நானும் சேத்திதானே மாப்பிள. இங்கியே வரேன்."

கமலா காரிலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள். மலை ஏற ஆரம்பித்ததும் காற்று குளிர்ந்தது. டிரைவர் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார். நான் கம்பளிப் போர்வை ஒன்றை இழுத்து மேலே போட்டுக்கொண்டு, இரண்டு மூட்டைக்கு நடுவில் காலை நீட்டிப் படுத்துவிட்டேன். கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. டிரைவர் இறங்கி, பின்பக்கம் சாய்ந்து நின்று ஒரு பீடியைப் பற்றவைத்தார். புகை நேராக என்னிடம் வந்தது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.